மின்காப்பு மாறிலி மிக உயர்ந்த பீங்கான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக் கல்லூரிகளில் முதுகலை இயற்பியல் படிப்போர் செயல்திட்டத்துக்காகப் பேரியம் டைட்டனேட் வில்லை செய்துவிட்டுக் கேட்கும் கேள்விகளும், டவுன்ஹால் ரோடு, மீனாட்சி பஜார் பக்கம் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன. இரு சாராரும் கையாள்வது ஒரே பொருளைத்தான். ஒருவர் அதைத் தூளாகப் பார்க்கிறார், மற்றவர் கெபாசிட்டராகப் பார்க்கிறார். இருவரிடமும் நான் வலியுறுத்துவது ஒன்றே. இந்தப் பீங்கான்களின் மின்காப்பு மாறிலியைத் தனியொரு எண்ணாகச் சொல்லிவிட முடியாது. எந்த வெப்பநிலையில், எந்த மின்னழுத்தத்தில், எந்த அதிர்வெண்ணில், சுட்டு எவ்வளவு காலம் கழித்து, எவ்வளவு பெரிய துகள்களைக் கொண்ட வில்லையில் அளந்தது என்பதையும் உடன் சொன்னால்தான் அந்த எண்ணை நம்பி ஒரு சர்க்யூட்டை அமைக்கவோ ஆய்வேட்டில் எழுதவோ முடியும்.

மாறிலி எவ்வளவு இருந்தால் அதை 'மிக உயர்ந்தது' என்று சொல்லலாம்?

இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும்போது கிடைக்கும் மின்தேக்குத்திறன், அந்த இடைவெளியை ஒரு பொருளால் நிரப்பினால் எத்தனை மடங்கு ஆகிறதோ, அந்த மடங்கே அப்பொருளின் மின்காப்பு மாறிலி. காற்றுக்கு அது ஏறத்தாழ 1. பாலிபுரொப்பிலீன் படலத்துக்கு 2.2, மின்கம்பத்தில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டருக்கு 6 அளவில், அலுமினாவுக்கு 9 அல்லது 10, அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு 80. ரூட்டைல் வகை டைட்டானியம் டைஆக்சைடு 100-ஐ ஒட்டி நிற்கிறது, ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் 300-ஐ ஒட்டி நிற்கிறது. ஆயிரத்தைத் தாண்டும் பொருள்களையே பொதுவாக 'மிக உயர்ந்தது' என்ற வரிசையில் வைக்கிறார்கள். பேரியம் டைட்டனேட்டும் அதன் கலவைகளும் இந்த வரிசையில் மிகவும் அறியப்பட்டவை. ஈயம், மக்னீசியம், நியோபியம் சேர்ந்த ரிலாக்ஸர் பீங்கான்களும் (மாறிலியின் உச்சம் கூர்மையாக இல்லாமல் அகன்று பரவியிருப்பவை), கால்சியமும் காப்பரும் சேர்ந்த டைட்டனேட்டும் இதே வரிசையில் வருகின்றன.

இவற்றின் மூலப்பொருள்கள் நமக்குத் தொலைவில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டைட்டானியத்தைத் தரும் இல்மனைட்டும் ரூட்டைலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கின்றன. பேரியத்தைத் தரும் பேரைட், ஆந்திரத்தின் பழைய கடப்பை மாவட்டப் பகுதியான மங்கம்பேட்டையில் பெருமளவு வெட்டியெடுக்கப்படுகிறது.

பேரியம் டைட்டனேட்டுக்கு மட்டும் இவ்வளவு பெரிய எண் எங்கிருந்து வருகிறது?

அதன் படிகம் பெராவ்ஸ்கைட் வகையைச் சேர்ந்தது. ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் பேரியம், ஆறு முகங்களின் நடுவிலும் ஆக்சிஜன், எல்லாவற்றுக்கும் நடுவில் டைட்டானியம். ஏறத்தாழ 120 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரையுள்ள கியூரி வெப்பநிலைக்கு மேலே டைட்டானியம் சராசரியாக நடுவிலேயே இருக்கிறது. அதற்குக் கீழே குளிரும்போது அது ஏதாவது ஓர் ஆக்சிஜனை நோக்கி ஓர் ஆங்ஸ்ட்ராமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. கனசதுரம் ஒரு பக்கமாக நீண்டு, ஒரு விளிம்பு 4.04 ஆங்ஸ்ட்ராமும் மற்றவை 3.99 ஆங்ஸ்ட்ராமும் ஆகின்றன. நீட்சி ஒரு விழுக்காடுதான். ஆனால் நேர்மின் மையமும் எதிர்மின் மையமும் பிரிந்துவிட்டதால் ஒவ்வொரு அலகுக் கூடும் ஒரு மின் இருமுனையாகிவிடுகிறது, அண்டைக் கூடுகளும் அதே திசையில் சேர்ந்துகொள்கின்றன.

இந்த மாற்றம் நிகழவிருக்கும் வெப்பநிலையை நெருங்கும்போது டைட்டானியத்தை நடுவில் பிடித்து நிறுத்தும் விசை மிகவும் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் சிறிய மின்புலம்கூட அயனிகளைப் பெரிதாக நகர்த்திவிடும் என்பதால் மாறிலி அங்கே பத்தாயிரத்தை ஒட்டி உச்சம் தொடுகிறது. உச்சத்துக்கு மேலே வெப்பநிலை ஏற ஏற அது கியூரி–வைஸ் விதிப்படி சீராகக் குறைகிறது. ஏறத்தாழ 5 டிகிரியிலும் மைனஸ் 90 டிகிரியிலும் படிகம் மேலும் இரு முறை உருமாறுவதால் அங்கேயும் சிறு மேடுகள் தோன்றும். கெபாசிட்டர் செய்பவர்கள் ஸ்ட்ரான்சியத்தையோ சிர்கோனியத்தையோ கலந்து அந்தப் பெரிய உச்சத்தை அறை வெப்பநிலைக்கு இறக்கிக்கொள்கிறார்கள், அல்லது வேறு சேர்மங்களைக் கலந்து அதைத் தட்டையாக்கிக்கொள்கிறார்கள்.

நான் செய்த வில்லையில் 1,400 வருகிறது. நூல்களில் 5,000 என்றும் இருக்கிறது, 1,700 என்றும் இருக்கிறது. எது சரி?

மூன்றும் சரியாக இருக்கக்கூடும். முதலில் உங்கள் அளவீட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வில்லையின் இரு முகங்களிலும் முழுவதுமாக வெள்ளிப் பசை பூசினால், அதே இடைவெளியில் வெற்றிடத்துக்குரிய மின்தேக்குத்திறன் கிட்டத்தட்டச் சரியாக 1 பிக்கோஃபாரட். ஆகவே மின்தேக்குத்திறனை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் காட்டும் பிக்கோஃபாரட் எண்ணே மாறிலி. 1,400 பிக்கோஃபாரட் என்றால் 1,400. தூளை அழுத்தி வில்லையாக்கும் அச்சான டையைச் செய்யும்போதே இந்த அளவைத் தேர்ந்தெடுக்கும்படி நான் மாணவர்களிடம் சொல்வது இதற்காகத்தான். சுடும்போது வில்லை சுருங்கும் என்பதால் சுட்ட பிறகுள்ள அளவை வெர்னியரில் எடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து எடை. பேரியம் டைட்டனேட்டின் முழு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.02 கிராம். சுட்டபின் மேற்சொன்ன அளவில் இருக்கும் வில்லை துளையே இல்லாமல் இருந்தால் 0.68 கிராம் இருக்க வேண்டும். உங்கள் வில்லை 0.58 கிராம்தான் இருக்கிறது என்றால் அதில் 15 விழுக்காடு வெற்றுத் துளை இருக்கிறது. துளைக்குள் இருக்கும் காற்றின் மாறிலி 1 என்பதால் மொத்த எண் அதன் பங்கைவிட அதிகமாகவே இறங்கிவிடும். 1,300 டிகிரிக்கு மேல் ஓரிரு மணி நேரம் சுடாமல் நல்ல அடர்த்தி வராது; உலையின் கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் எண்ணுக்கும் வில்லை இருக்கும் இடத்தின் உண்மையான வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தனித் தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது துகள் அளவு. துகள்கள் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டி இருக்கும் வில்லையில் அறை வெப்பநிலை மாறிலி 5,000 வரை போகிறது. பத்து, இருபது மைக்ரோமீட்டர் என்று பெருத்துவிட்டால் 1,500 முதல் 2,000-க்கு வந்துவிடுகிறது. ஒரு மைக்ரோமீட்டரைவிட மிகவும் சிறுத்தாலும் குறைகிறது. சிறு துகளில் உள் தகைவு கூடுவதும், டொமைன் சுவர்கள், அதாவது வெவ்வேறு திசையில் முனைந்த பகுதிகளுக்கு இடையிலான எல்லைகள், நெருங்கி அமைவதும் இந்த உச்சத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் எடுக்காமல் வெறும் மாறிலியை மட்டும் எழுதுவது ஆய்வேட்டுக்குப் போதாது.

இறுதியாக ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அளந்தால், துளையுள்ள வில்லை ஈரத்தை இழுத்துக்கொண்டு 100 ஹெர்ட்ஸில் தாறுமாறாக உயர்ந்த எண்ணைக் காட்டும். 100 ஹெர்ட்ஸில் மாறிலியும், ஆற்றல் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதைக் காட்டும் டேன் டெல்டாவும் சேர்ந்தே ஏறி, 100 கிலோஹெர்ட்ஸில் இரண்டும் ஒழுங்காக இருந்தால், பெரும்பாலும் ஈரத்தையே சந்தேகிக்க வேண்டும். வில்லையை 150 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, டெசிக்கேட்டரில் ஆறவைத்து, மீண்டும் அளந்து பாருங்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

ஒருவர் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-க்கும் 1944-க்கும் இடையில், அமெரிக்கா, ஜப்பான், சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று நாடுகளிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. அப்போது கெபாசிட்டருக்குப் பயன்பட்ட மைக்காவுக்கு மாற்றுத் தேடியதே இதற்குத் தூண்டுதல்களில் ஒன்று. புலம் இல்லாதபோதும் தானாகவே மின்முனைவு கொண்டு, புலத்தால் அதைத் திருப்ப முடிகிற ஃபெரோஎலக்ட்ரிக் தன்மை என்பதையே ஜோசப் வலாசெக் 1920-இல் ரோஷெல் உப்பில் கண்டிருந்தார். ஆனால் அது தண்ணீரில் கரையும் உப்பு. உறுதியான பீங்கானில் அத்தன்மை கிடைத்ததுதான் தொழிலையே மாற்றியது.

ஃபெரோஎலக்ட்ரிக் என்றால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருளா?

இல்லை. இரும்பின் காந்தத் தன்மையை ஒத்த நடத்தை இங்கே மின்முனைவில் காணப்படுவதால் அந்தப் பெயர். வில்லைக்குள் ஒரே திசையில் முனைந்த கூடுகள் கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டமும் ஒரு டொமைன். வெளி மின்புலம் கொடுத்தால் புலத்தின் திசையில் இருக்கும் டொமைன்கள் மற்றவற்றை விழுங்கி வளர்கின்றன. சித்திரைத் தேரை ஒரு திருப்பத்துக்கு இழுத்துக் கொண்டுவந்துவிட்டு வடத்தைத் தளர்த்தினாலும் தேர் வந்த இடத்திலேயே நிற்பதுபோல, புலத்தை நிறுத்திய பிறகும் முனைவாக்கம் சுழிக்குத் திரும்புவதில்லை. அதைத் திருப்ப எதிர்த்திசையில் புலம் கொடுக்க வேண்டும். இதனால்தான் முனைவாக்கத்தைப் புலத்துக்கு எதிராக வரைந்தால் தயக்கக் கண்ணி என்னும் மூடிய வளைவு கிடைக்கிறது. பேரியம் டைட்டனேட் ஒற்றைப் படிகத்தில் தன்னியல்பான முனைவாக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 26 மைக்ரோகூலும் அளவில் இருக்கிறது. 1930-இல் சாயரும் டவரும் அமைத்த எளிய சர்க்யூட்டை வைத்தே இந்தக் கண்ணியை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துவிடலாம். உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும் என்பதால் ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கண்ணிக்குள் அடைபட்ட பரப்பு வெப்பமாக வீணாகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்வரும் விடைகளில் பல தாமாகவே விளங்கும்.

எக்ஸ்7ஆர், ஒய்5வி, சி0ஜி என்பவை என்ன? மதுரை வெயிலுக்கு எது தாங்கும்?

வெப்பநிலை மாறும்போது மதிப்பு எவ்வளவு மாறலாம் என்பதைச் சொல்லும் பீங்கான் கெபாசிட்டர் தரக் குறியீடுகள் இவை. எக்ஸ்7ஆர் என்றால் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை மின்தேக்குத்திறன் 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ செய்யாது. எக்ஸ்5ஆருக்கு மேல் எல்லை 85 டிகிரி. ஒய்5வி என்பது மைனஸ் 30 முதல் 85 டிகிரி வரைக்கானது. அதில் 22 விழுக்காடு கூடலாம், 82 விழுக்காடு குறையலாம். 82 விழுக்காடு என்பதைக் கவனியுங்கள். 100 நானோஃபாரட் என்று அச்சிட்டு விற்கப்படும் ஒய்5வி வகை, 85 டிகிரியில் 18 நானோஃபாரட் ஆனாலும் அது தன் தர வரையறைக்கு உட்பட்டதுதான். விற்றவரைக் குறை சொல்ல முடியாது. சி0ஜி வகை டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் மாறாது. ஆனால் அது ஃபெரோஎலக்ட்ரிக் அல்லாத, மாறிலி குறைந்த பீங்கானால் ஆனது என்பதால் அதே அளவுக்கு மிகச் சிறிய மின்தேக்குத்திறனே கிடைக்கும்.

வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி காயும் ஊரில், வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் இருக்கும் போர்டு 70 டிகிரியைத் தொடுவது வியப்பில்லை. தெருவிளக்கு டிரைவர், மோட்டார் ஸ்டார்ட்டர் கட்டுப்பாட்டு போர்டு, சோலார் பம்ப் போர்டு போன்றவற்றில் ஒய்5வி வகையைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடையில் உதிரியாகக் கிடைக்கும் பழுப்பு நிற வட்டக் கெபாசிட்டர்களில் 100 நானோஃபாரட்டைக் குறிக்கும் '104' என்பதற்குப் பின்னால் 'இசட்' எழுத்து இருந்தால், அறை வெப்பநிலையிலேயே 80 விழுக்காடு கூடுதலாகவோ 20 விழுக்காடு குறைவாகவோ இருக்கலாம் என்று பொருள். டைமரிலும் ஆசிலேட்டரிலும் அதைப் போட்டால் நேரம் தவறும். சப்ளை லைனில் இரைச்சலை வடிகட்ட மட்டும் போடலாம்.

10 மைக்ரோஃபாரட் வாங்கிப் போட்டேன். சர்க்யூட்டில் 4 போலத்தான் வேலை செய்கிறது. போலிச் சரக்கா?

பெரும்பாலும் இல்லை. மின்னழுத்தம் ஏறும்போது டொமைன்கள் ஒரே திசையில் இறுகிவிடுகின்றன; அதற்குமேல் திரும்ப எதுவும் மிச்சமில்லாததால் மாறிலி விழுந்துவிடுகிறது. இன்றைய பல்லடுக்குப் பீங்கான் கெபாசிட்டரில் ஓர் அடுக்கின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருக்கிறது. அதில் வெறும் 5 வோல்ட் கொடுத்தாலும் புலம் மீட்டருக்கு 50 லட்சம் வோல்ட் ஆகிவிடும். 6.3 வோல்ட் என்று குறித்த சிறிய 10 மைக்ரோஃபாரட் எக்ஸ்5ஆர், 5 வோல்ட் டி.சி.யில் பாதிக்கு மேல் இழப்பது சாதாரணம். எல்.சி.ஆர். மீட்டர் டி.சி. அழுத்தமே இல்லாமல் ஒரு வோல்ட்டுக்குக் குறைவான ஏ.சி.யில் அளப்பதால் கையில் வைத்துப் பார்க்கும்போது 10 என்றே காட்டும். எக்ஸ்7ஆர் என்ற குறியீடு வெப்பநிலையைப் பற்றி மட்டுமே உறுதி கூறுகிறது, மின்னழுத்தத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு படி பெரிய உடல் அளவுள்ளதையோ, 16 அல்லது 25 வோல்ட் குறித்ததையோ வாங்கி, தயாரிப்பாளர் தரும் டி.சி. அழுத்த வரைபடத்தைப் பார்த்துப் போடுவதே வழி.

அலமாரியில் வைத்திருந்தாலே மதிப்பு குறையுமா?

குறையும். கியூரி வெப்பநிலையைக் கடந்து ஆறிய கணத்திலிருந்து டொமைன்கள் மெல்ல மெல்லத் தமக்கு வசதியான அமைப்பில் படிந்துகொண்டே இருக்கின்றன. இந்த இறக்கம் மடக்கை முறையில் நடக்கும்: 1 மணியிலிருந்து 10 மணிக்குள் எத்தனை விழுக்காடோ, 10 மணியிலிருந்து 100 மணிக்குள்ளும் அத்தனையே, 100-இலிருந்து 1,000-க்குள்ளும் அத்தனையே. எக்ஸ்7ஆரில் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஏறத்தாழ 1 முதல் 2.5 விழுக்காடு குறையும். ஒய்5வியில் இதைவிடப் பல மடங்கு. 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் பழைய மதிப்பு திரும்பிவிடும். சால்டர் செய்யும் சூடுகூட ஓரளவு இதைச் செய்துவிடுவதால், போர்டில் ஏற்றிய கையோடு அளந்தால் எண் சற்றுக் கூடுதலாகவே தெரியும். மேலே சொன்னபடி வில்லையை உலர்த்தி அளக்கும் மாணவர்களும் இதே காரணத்துக்காக, உலர்த்தி எத்தனை மணி நேரம் கழித்து அளந்தோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். சி0ஜி வகைக்கு இந்த முதுமை கிடையாது.

கால்சியம் காப்பர் டைட்டனேட்டில் மாறிலி பத்தாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். அது பேரியம் டைட்டனேட்டை விஞ்சிவிட்டதா?

இந்தக் கேள்விக்கு நின்று நிதானமாக விடை சொல்ல வேண்டும். இத்துறையில் அண்மைக் காலத்தின் மிகச் செறிவான விவாதம் இதைச் சுற்றித்தான் நடந்தது. சென்னையில் பிறந்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்ற எம்.ஏ. சுப்ரமணியனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்திலிருந்து 2000-ஆம் ஆண்டில் இதை அறிவித்தார்கள். பின்னாளில் இட்ரியம், இண்டியம், மாங்கனீசு சேர்ந்த புதிய நீல நிறமியைக் கண்டறிந்ததும் அவர் குழுதான். அவர்கள் அறிவித்ததில் இரண்டு செய்திகள் வியப்பூட்டின. மாறிலி பத்தாயிரத்தைத் தாண்டியது. அதோடு பேரியம் டைட்டனேட்டைப்போல ஓர் உச்சத்தில் மட்டும் எழாமல், ஏறத்தாழ 100 கெல்வினிலிருந்து அறை வெப்பநிலைக்கு மேல் வரை கிட்டத்தட்டத் தட்டையாகவே நின்றது. 100 கெல்வினுக்குக் கீழே போனால் 100-ஐ ஒட்டிய எண்ணுக்குச் சரிந்தது. ஆனால் படிகம் எந்த உருமாற்றமும் அடையவில்லை. டைட்டானியம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படியானால் அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? 2002-இல் சின்க்ளேர், வெஸ்ட் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் மின்மறுப்பு நிறமாலை (அதிர்வெண்ணை மாற்றி மாற்றி மின்மறுப்பை அளப்பது) எடுத்துப் பார்த்தபோது, துகள்களின் உட்பகுதி குறைக்கடத்தியாகவும், துகள்களுக்கு இடையிலான எல்லை மட்டும் மின்காப்பாகவும் இருப்பது தெரிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். துகள் 10 மைக்ரோமீட்டர், எல்லை 0.1 மைக்ரோமீட்டர், எல்லைப் பொருளின் உண்மையான மாறிலி 100 என்று கொள்வோம். மின்னழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய எல்லைகளின் மீதே விழுகிறது; நாமோ வில்லையின் முழுத் தடிமனை வைத்து வகுக்கிறோம். ஆகவே 100-ஐ 10/0.1 என்ற விகிதத்தால், அதாவது 100 மடங்கால் பெருக்கிய 10,000 நமக்குக் கிடைக்கிறது. வில்லைக்குள் ஆயிரக்கணக்கான சிறு கெபாசிட்டர்கள் தாமாகவே அமைந்துவிட்டன என்பதே செய்தி. படிகத்தின் உள்ளார்ந்த மாறிலி 100-ஐ ஒட்டியதுதான். ஒற்றைப் படிகத்திலும் மிக உயர்ந்த எண் கிடைத்ததால் விவாதம் நீண்டது. அங்கே படிகக் குறைபாடுகளும் மின்வாயோடு (எலெக்ட்ரோடு) சேரும் பரப்பில் உண்டாகும் தடுப்பு அடுக்கும் காரணமாகச் சுட்டப்பட்டன.

இதனால் அந்தப் பொருள் மதிப்பிழந்துவிடவில்லை. பேரியம் டைட்டனேட்டைச் சுடும் வெப்பத்தைவிட 200 டிகிரி குறைவாக, காற்றிலேயே ஒருமுறை சுட்டு இப்படியோர் உள் தடுப்பு அடுக்கு கிடைப்பது தொழில் வகையில் கவர்ச்சியானதுதான். ஆனால் டேன் டெல்டா 0.05 முதல் 0.1 வரை, சில வேளைகளில் அதற்கும் மேல் போகிறது. எல்லைகள் மெல்லியவை என்பதால் அதிக மின்னழுத்தம் தாங்காது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய வில்லையில் பெரிய எண் கிடைத்தவுடன் எழுதிவிடாதீர்கள். அதே வில்லையைத் தேய்த்துத் தடிமனைப் பாதியாக்கி அளவெடுங்கள். வெள்ளிப் பசைக்குப் பதிலாகத் தங்கப் படலம் பூசி அளவெடுங்கள். கணக்கிட்ட மாறிலி தடிமனோடும் மின்வாயோடும் சேர்ந்து மாறினால் நீங்கள் அளந்தது மின்வாய்ப் பரப்பையே தவிர உங்கள் பொருளை அன்று. வசதி இருந்தால் அதிர்வெண்ணை 40 ஹெர்ட்ஸிலிருந்து பல மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டி நிறமாலையைப் பாருங்கள். வரைபடத்தில் துகளுக்கும் எல்லைக்கும் தனித்தனி வில் வடிவ வளைவு தெரிந்தால் விடை கையில் இருக்கிறது.

மாறிலி இவ்வளவு உயர்ந்தது என்றால் மின்விசிறிக்கு ஏன் இன்னும் பாலிபுரொப்பிலீன் கண்டன்சர்?

தயக்கக் கண்ணிதான் காரணம். 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 41 வார் எதிர்வினைத் திறனைக் கையாளுகிறது. பாலிபுரொப்பிலீனின் டேன் டெல்டா 0.0003 என்று கொண்டால் இழப்பு நூற்றில் ஒரு வாட்டைச் சற்றே தாண்டுகிறது. உயர் மாறிலிப் பீங்கானில் அது 0.02 என்றாலே 0.8 வாட், அந்த 0.02 சிறிய சிக்னலில் அளந்தது, 230 வோல்ட்டில் இன்னும் கூடும். சிறு உடலுக்குள் இரவு பகலாக அந்த வெப்பம் தேங்கினால் தாங்காது. மேலும் இந்தப் பீங்கான்கள் மின்புலத்தில் நீண்டு சுருங்குவதால் அதிர்ந்து இரையும். சில லேப்டாப் சார்ஜர்களிலும் போர்டுகளிலும் கேட்கும் கீச்சொலிக்கு இதுவும் ஒரு காரணம்.

பேட்டரிக்குப் பதிலாக இவற்றில் மின்சாரத்தைச் சேமிக்க முடியாதா?

மாறிலி 10,000, புலம் மில்லிமீட்டருக்கு 1,000 வோல்ட் என்று வைத்தால் கன சென்டிமீட்டருக்கு 0.044 ஜூல் தேங்குகிறது. லித்தியம் அயன் பேட்டரியில் அதே கன அளவுக்கு ஏறத்தாழ 1,800 ஜூல். புலத்தை ஏற்றினால் ஆற்றல் அதன் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்று நூல் சொல்கிறது. ஆனால் புலம் ஏறும்போதே மாறிலி இறங்குவதை மேலே பார்த்தோம். கண் இமைக்கும் நேரத்துக்குள் ஆற்றலை வெளியேற்ற வேண்டிய இடங்களுக்குப் பீங்கான் மிகச் சிறந்தது. இரவு முழுவதும் விளக்கெரிக்க அது ஏற்றதன்று.

கரண்டு போய் உடனே வந்தால் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடாமல் 'டிக்' என்று நின்றுவிடுகிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருக்கும், சூடேறினால் மின்தடை கூடும் பி.டி.சி. ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிற வட்ட வில்லை ஒன்று இருக்கும். அது மிகச் சிறிதளவு லாந்தனமோ இட்ரியமோ கலந்து குறைக்கடத்தியாக்கிய பேரியம் டைட்டனேட். குளிர்ந்த நிலையில் அதன் மின்தடை சில பத்து ஓம். தொடக்கச் சுருளுக்கு மின்னோட்டத்தைத் தாராளமாக விடும். ஓரிரு நொடிகளில் சூடேறிக் கியூரி வெப்பநிலையைத் தாண்டியதும் துகள் எல்லைகளில் மின்தடுப்பு எழுந்து, மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் தாவி, தொடக்கச் சுருளை விலக்கிவிடும். குறைந்த வெப்பநிலையில் அந்த எல்லைத் தடுப்பை அடக்கி வைத்திருப்பதே ஃபெரோஎலக்ட்ரிக் முனைவாக்கமும் உயர்ந்த மாறிலியும்தான் என்ற விளக்கத்தை ஹேவாங்கும் அவரைத் தொடர்ந்து யோங்கரும் 1960-களின் முற்பாதியில் அளித்தார்கள்.

கரண்டு போய் உடனே வரும்போது வில்லை இன்னும் சூடாகவே இருக்கிறது. தொடக்கச் சுருளுக்கு மின்னோட்டம் கிடைக்காமல் கம்ப்ரசர் திணறும். ஓவர்லோடு பாதுகாப்பு அதை வெட்டிவிடும். சில நிமிடங்கள் ஆறவிட்டால் தானாகவே ஓடும். குலுக்கினால் உள்ளே கலகலவென்று ஒலித்தால் மட்டும் வில்லை உடைந்திருக்கிறது, மாற்றுங்கள். திரவக் கொசுவிரட்டியைச் சூடாக்கும் சிறு வில்லைகளிலும் இதே பொருள் பயன்படுகிறது; அங்கே தெர்மோஸ்டாட் இல்லாமலே வெப்பம் கட்டுக்குள் நிற்பதற்கும் இதுவே காரணம்.

மொபைல் போர்டில் மெயின் லைன் ஷார்ட் என்றால் ஏன் முதலில் சிறு கெபாசிட்டரையே தேடுகிறார்கள்?

ஒரு ஸ்மார்ட்ஃபோனில் ஆயிரம் அளவுக்குப் பல்லடுக்குப் பீங்கான் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. பீங்கான் வளையாது; போன் கீழே விழுந்தோ பின்பாக்கெட்டில் வளைந்தோ போர்டு நெளிந்தால் சால்டர் முனைக்கருகே சாய்வாக விரிசல் ஓடுகிறது. விரிசலுக்குள் ஈரமும் உலோகமும் புகுந்து அடுக்குகளை இணைத்துவிட்டால் ஷார்ட். கடைகளில் அனுபவமுள்ளவர்கள் ரோசின் புகையைப் போர்டின் மீது வெண்படலமாகப் படியவிட்டு, டி.சி. சப்ளையிலிருந்து குறைந்த மின்னழுத்தத்தைச் செலுத்துவார்கள். பழுதான கெபாசிட்டரின் மேல் மட்டும் அந்த வெண்மை உருகிக் கறுத்துத் தெரியும். மாற்றும்போது மின்தேக்குத்திறனோடு மின்னழுத்தக் குறிப்பையும் உடல் அளவையும் பொருத்திப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. நீல வட்டக் கெபாசிட்டரைக் கழற்றிவிடலாமா?

கழற்றக் கூடாது. அவை மின்கம்பிக்கும் கேபினெட்டுக்கும் நடுவே இரைச்சலை வடிகட்டும் ஒய் வகைப் பாதுகாப்புக் கெபாசிட்டர்கள்; பழுதானால் திறந்துகொள்ள வேண்டுமே தவிர ஷார்ட் ஆகக் கூடாது என்பதற்காகத் தனியே சோதித்துத் தரப்படுபவை. 2.2 நானோஃபாரட் என்றால் 230 வோல்ட்டில் 0.16 மில்லியாம்பியர் கசியும். இயர்த் இல்லாத பிளக்கில்தான் அது உங்கள் விரலுக்கு வருகிறது. இயர்த்தைச் சரிசெய்யுங்கள். கெபாசிட்டரை மாற்ற நேர்ந்தால் ஒய் வகை என்று குறித்ததையே போட வேண்டும். அதே மதிப்புள்ள சாதாரண வட்டக் கெபாசிட்டரைப் போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

டி.டி.எச். டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்குள் இருக்கும் சிறு பீங்கான் உருளையும் இந்த இனமா?

உறவினம்தான், ஆனால் தேவை வேறு. 10 கிகாஹெர்ட்ஸில் டொமைன் சுவர்கள் புலத்தைப் பின்தொடர முடியாமல் வெப்பத்தையே உண்டாக்கும் என்பதால் ஃபெரோஎலக்ட்ரிக் பொருள் அங்கே உதவாது. மாறிலி 30 முதல் 40 வரையுள்ள, இழப்பு மிகக் குறைந்த பேரியம் டைட்டனேட் உறவுச் சேர்மங்களும் டான்டலேட்டுகளும் அங்கே பயன்படுகின்றன. அந்த அதிர்வெண்ணில் காற்றில் 3 சென்டிமீட்டராக இருக்கும் அலைநீளம், மாறிலி 36 உள்ள பீங்கானுக்குள் ஆறில் ஒன்றாகி 5 மில்லிமீட்டர் ஆகிறது. உருளையும் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கும். புதிய எல்.என்.பி.க்களில் அதற்குப் பதிலாகக் குவார்ட்ஸ் படிகத்தைச் சார்ந்த சர்க்யூட் வருகிறது.

ஆய்வகத்தில் இவற்றைச் செய்யும்போது எதில் எச்சரிக்கை தேவை?

சுட்டு முடித்த பேரியம் டைட்டனேட் தண்ணீரில் கரையாது, ஆபத்தும் குறைவு. ஆனால் மூலப்பொருளான பேரியம் கார்பனேட் வயிற்றின் அமிலத்தில் கரைந்து நஞ்சாகும். எலி மருந்தாகவே அது பயன்பட்டது. எடை போடும்போதும் கல்வத்தில் அரைக்கும்போதும் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்த மேசையில் டீக் குவளையை வைக்கக் கூடாது. ஈயம் சேர்ந்த ரிலாக்ஸர் செய்வோர், சுடும்போது ஈய ஆக்சைடு ஆவியாகி வெளியேறும் என்பதை அறிந்து, மூடிய அலுமினா கிண்ணத்தில், அதே கலவைத் தூளில் புதைத்து, புகைபோக்கியுள்ள உலையில் மட்டும் சுட வேண்டும். புகைபோக்கி இல்லாத உலைதான் இருக்கிறது என்றால் ஈயக் கலவையை எடுக்காமல் பேரியம் டைட்டனேட்டில் சிர்கோனியம் கலந்த வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். சிர்கோனியத்தின் அளவை உயர்த்த உயர்த்த உச்சம் தட்டையாகி ரிலாக்ஸர் நடத்தை வருவதை ஈயமே இல்லாமல் அதில் பார்க்கலாம்.